மடியில் ஏறிய மாயா தெய்வங்கள்

போன வருடம் வைகாசி மாதம், யாழ்ப்பாண நகரில் ஒரு பாடசாலை மண்டபம். அங்கே ஒரு சங்குக்குள் இருந்து இடுப்புவரை வெளியே வந்து, வீதியால் போகிறவரைக் கதைக்கக் கூப்பிடுவதுபோலக் கையை நீட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவருக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. இவரை நெடுந்தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனால் என்ன?

கிழவர் என்று நான் சொல்வது ஒரு கடவுளை. மத்திய அமெரிக்காவின் காடுகளுக்குள் பெரிய நகரங்களைக் கட்டி வாழ்ந்த மாயா மக்களின் கடவுள். ஆயிரம் வருடங்களுக்கும் முன்னர் அவர்கள் செதுக்கியவையும் தீட்டியவையும் எங்கோ தூரத்து நூதனசாலை ஒன்றில் கண்காட்சியாக வைக்கப்பட்டிருந்தனவாம். அவற்றைப் படமெடுத்துப் பெரிய பலகைகளில் ஒட்டி, ஐந்து சிலைகளுக்கு அச்சில் வார்த்த பிரதிகளும் செய்து, கொழும்பிலுள்ள ஒரு கலாசார நிலையம் ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தது.

உண்மையைச் சொன்னால் நான் அங்கே கலை பார்க்கப் போகவில்லை. பக்கத்து மண்டபத்தில் ஆசிரியர்களுக்கு ஒரு கருத்தரங்கு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நித்திரை வந்தது. மின்விசிறி சுற்றுகிற இடமாகத் தேடிப் போனேன். போனவள் கருத்தரங்குக்குத் திரும்பவேயில்லை.

எப்படித் திரும்புவது? ஒரு பக்கம் மழைக் கடவுள். தும்பிக்கை மாதிரித் தொங்குகிற மூக்கு, கையில் ஒரு கோடரி. அந்தக் கோடரிதான் மின்னலாம். இன்னொரு பக்கம், பிறைநிலாவைக் கதிரையாக்கி அதற்குள் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய மடியில் ஒரு முயல். நான் வாய்விட்டே சிரித்துவிட்டேன். எங்கள் நிலாவில் இருக்கும் அதே முயல்! இரண்டு சமுத்திரத்துக்கு அப்பால் இருந்தவர்களும் அண்ணாந்து பார்த்து அதே முயலைத்தான் கண்டிருக்கிறார்கள். பெரிய கண்களோடு சூரியன். ஆமை ஓட்டைப் பிளந்துகொண்டு மேலே வருகிற ஒரு வாலிபன். அவன் சோளத்தின் கடவுள் என்று கீழே எழுதியிருந்தது. சோளக் கதிர் அறுப்பதுபோல அவனையும் அறுக்கிறார்கள், மழை ஆமை ஓட்டைப் பிளந்ததும் அவன் திரும்பி வருகிறான். இந்தக் கடவுள்களுக்கு வயது போகிறது. பல்லு விழுகிறது. கன்னம் குழி விழுகிறது. சாகிறார்கள், பிறகு பிறக்கிறார்கள். அதையெல்லாம் கீறியவனுடைய கையைத்தான் நான் நினைத்து நினைத்து வியந்தேன். ஒரு கோடாவது சோம்பேறிக் கோடு இல்லை.

நான் காரைநகர்ப் பெண். முதல் நியமனமே நெடுந்தீவில் ஒரு பாடசாலைக்குச் சரித்திர ஆசிரியையாகக் கிடைத்து, அங்கே ஒரு வீட்டில் தங்கிப் படிப்பிக்கிறேன். அந்த மண்டபத்தில் நின்றபோது, கண்ணாடிப் பெட்டிக்குள் அரும்பொருளாக வைத்துப் படமெடுத்த திருக்கை முள்ளைக் கண்டேன். மாயா அரசர்கள் தங்கள் உடம்பில் குத்தி இரத்தம் எடுத்துக் கடவுளுக்குக் கொடுத்த முள்ளாம். என் மாணவர்களின் வீடுகளில் அது கூரை ஓலையில் செருகிக் கிடக்கும். சங்கு, ஆமை ஓடு, திருக்கை முள் எல்லாவற்றோடும் வாழ்கிற சனம் அங்கே இருக்க, இந்தக் கண்காட்சி நகரத்துக் கட்டடத்துக்குள் வந்து, நித்திரை தூங்கிய என்னைப் போன்றவர்களுக்குக் காட்சி கொடுத்துவிட்டுத் திரும்பிப் போவதா?

பொறுப்பாக வந்திருந்த அதிகாரி வாசலில் மேசை போட்டு இருந்தார். வடமராட்சியைச் சேர்ந்தவர், நாற்பது வயதிருக்கும், கொழும்பில் நெடுங்காலமாக வேலை. கண்காட்சி வெள்ளிக்கிழமையோடு முடிகிறது என்றும், திங்கள் இரவு மெயில் ரயிலில் சாமான்கள் கொழும்புக்கு ஏறுகின்றன என்றும் சொன்னார்.

"அப்ப சனியும் ஞாயிறும் இவை பெட்டிக்குள்ள சும்மாதானே படுத்திருக்கப் போகினம், சேர்?" என்றேன்.

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். நான் விடவில்லை. நெடுந்தீவைப் பற்றிச் சொன்னேன். அங்கே புல்வெளியில் கட்டாக்காலியாகத் திரியும் மட்டக்குதிரைகளைப் பற்றிச் சொன்னேன். "சேர் நெடுந்தீவு பாத்திருக்கிறீங்களோ?" என்று கேட்டேன். பார்க்கவில்லை. "யாழ்ப்பாணத்தில பிறந்தும் பாக்கேல்லையோ?" என்று வேண்டுமென்றே குரலைக் கூட்டினேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மனிதர் கூச்சத்தில் சிரித்தார்.

அன்று பின்னேரம் நான் மூன்றாம் தரம் போய் நின்றபோதுதான் அவர் இறங்கி வந்தார். "பிள்ளை, விளங்கிக்கொள்ளும். கொழும்பைக் கேட்டால் வேண்டாம் எண்டுதான் சொல்லுவினம். அதால நான் கேக்காமல்தான் வரவேணும். படம் கிழிஞ்சால் திருப்பி எடுக்கலாம். இந்த அஞ்சு சிலையும் அப்பிடியில்லை. இதில ஒண்டு போச்சுதெண்டால் நான் திரும்பிப் போய் அந்தக் கதிரையில இருக்கேலாது. எனக்கு மூண்டு பிள்ளையள்."

"ஒண்டுக்கும் ஒண்டும் வராது, சேர். என்ரை பொறுப்பு" என்றேன். அப்போது என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்த வசனம் அது!

சனிக்கிழமை விடிய ஒரு வான் வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, கடலுக்கு நடுவால் போடப்பட்ட தாம்போதிகளைக் கடந்து குறிகட்டுவான் துறைக்குப் போனோம். கடல் குளம் மாதிரிக் கிடந்தது. வள்ளத்தில் ஆட்களும் இல்லை. அதிகாரி இரண்டு சிலைப் பெட்டிகளையும் தனக்கு இரண்டு பக்கமும் வைத்து, பிள்ளைகளை அணைத்துக்கொண்டு பயணம் போகிற தகப்பன் மாதிரி இருந்தார்.

பாடசாலை மண்டபத்தில் பலகைகளைச் சுவரோரம் சாய்த்து, வாங்குகளுக்கு மேல் வெள்ளைத் துணி விரித்து ஐந்து சிலைகளையும் வைத்தோம். யாரும் தொடாதபடி முன்னால் மேசைகளை நெருக்கிப் போட்டோம். சிலைகளுக்குப் பழைய கல்லின் நிறம் அடித்திருந்தது. எட்ட நின்று பார்க்கிறவருக்குக் கல்லேதான். அதிகாரியும் விளக்கம் சொல்லும்போது, "இது கல்லிலை செதுக்கினது, இது ஆயிரத்திருநூறு வருசத்துக்கு முந்தினது" என்று அசலை நினைத்துக்கொண்டே சொல்வார்.

சனம் வந்தது. சனி பின்னேரம் கொஞ்சம், ஞாயிறு பூசை முடிந்து கோயிலடியால் நேராக ஒரு கூட்டம். வந்தவர்கள் சும்மா பார்த்துவிட்டுப் போகிற ஆட்கள் இல்லை. ஒவ்வொரு கடவுளோடும் வழக்குக்குப் போனார்கள்.

மழைக் கடவுளைக் கண்டவுடன் ஒருவர், "சேர், மற்றவையைக் கொண்டு போங்கோ. இவரை மட்டும் ரெண்டு மாசம் இஞ்ச விட்டுட்டுப் போங்கோ. கிணறெல்லாம் உப்பாக் கிடக்கு" என்றார்.

நான் தங்கியிருக்கும் வீட்டு அக்கா ஆடு வளர்ப்பவர். பெருத்த உடம்பு, அதைவிடப் பெருத்த சிரிப்பு. நிலாப் பெண்ணின் முன்னால் கன நேரம் நின்றுவிட்டு என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, உவ அந்த முயலை வளக்கவோ, கறி வைக்கவோ மடியில வச்சிருக்கிறா?" எனக்குத் தெரியவில்லை. அதிகாரிக்கும் தெரியவில்லை. "பிடிச்சிருக்கிற விதத்தைப் பாத்தால் வளக்கத்தான்" என்று அக்காவே தீர்ப்பும் சொன்னார்.

மீன் வியாபாரி ஒருவர். அவருக்கு மாறுகண். சூரியக் கடவுளின் கண்கள் மூக்கை நோக்கித் திரும்பியிருப்பதைக் காட்டி, மாயா மக்களுக்கு மாறுகண் அழகின் அடையாளம், தாய்மார் குழந்தையின் நெற்றிக்கு முன்னால் மணியைத் தொங்கவிட்டுக் கண்ணை அப்படிப் பழக்குவார்களாம் என்று அதிகாரி சொன்னார். வியாபாரி தன் மனைவியின் பக்கம் திரும்பினார். "கேட்டியோ? நான் பிறந்த இடம்தான் பிழை. அங்கயெண்டால் என்னைச் சிவிகையில எல்லோ தூக்கித் திரிஞ்சிருப்பினம்!" மண்டபமே சிரித்தது. அவர் அன்றைக்கு நான்கு தரம் வந்து சூரியனைப் பார்த்துவிட்டுப் போனார்.

சிரிக்காத ஆள் ஒருவர்தான். ஓய்வு பெற்ற விதானையார், கிராம அலுவலராக இருந்தவர். கஞ்சி போட்ட வேட்டி, மடித்த சால்வை, கையில் குடை. சோளக் கடவுளுக்கு முன்னால் வந்து நின்று, கீழே எழுதியிருந்ததை முழுக்க வாசித்தார்.

"உதென்ன ரீச்சர்? கடவுளெண்டும் போட்டிருக்கு, அறுத்துப்போட்டாங்கள் எண்டும் போட்டிருக்கு. சாகிறவன் எப்பிடிக் கடவுளாகிறது?"

பின்னால் நின்ற, எங்களை ஏற்றி வந்த வள்ளக்கார அண்ணை, கழுத்தில் சிலுவை தொங்க, மெல்லமாகச் சொன்னார்: "ஐயா, கொஞ்சம் பாத்துக் கதையுங்கோ. எங்கட ஆளையும் சேத்தெல்லோ சொல்லுறியள்."

விதானையார் குடையைக் கை மாற்றினார். "அது வேறை" என்றார். பிறகு, எது வேறு என்று அவருக்கே பிடிபடாத மாதிரி இன்னும் கொஞ்ச நேரம் அந்த வாலிபனைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார். பின்னேரம் தனியே வந்து, மறுபடியும் அதே இடத்தில் நின்றதைக் கண்டேன்.

ஞாயிறு மத்தியானம் சோளகம் எழும்பியது. தென்மேற்குக் காற்று தொடங்கினால் கடல் சொன்ன சொல் கேளாது. அன்று பின்னேரம் வள்ளங்கள் ஓடவில்லை. அதிகாரி கண்காட்சியை விட்டுவிட்டு மண்டப வாசலில் நின்று தென்னை மரங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திங்கள் விடிய வள்ளக்கார அண்ணை ஆள் விட்டார்: காலமை காற்றுக் கொஞ்சம் விழும், அதுக்குள்ள ஒரு ஓட்டம் ஓடலாம், பெட்டிகளை அனுப்புங்கோ.

ஊர்ச்சனம் வந்து பெட்டிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஒருவரையும் நாங்கள் கேட்கவில்லை. அதிகாரிக்கு அப்போதுதான் கொஞ்சம் மனம் ஆறியது. மட்டக்குதிரையைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று அவர் நிற்க, நான் புல்வெளிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு குதிரைகளைக் கண்டார். சின்னப் பிள்ளை மாதிரிச் சந்தோஷப்பட்டார். துறைக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது வள்ளம் நிறைந்து போயிருந்தது. ஞாயிறு போகமுடியாமல் மறிபட்ட ஆட்கள் எல்லாரும் ஏறியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும் தங்கச்சியைப் பார்க்க வீட்டு அக்கா, மீன் வியாபாரி, ஏதோ அலுவலாக விதானையார், இன்னும் பலர். படப் பலகைகள் தார்ப்பாயால் சுற்றி மேலே கட்டியிருந்ததைக் கண்டோம். எல்லாம் ஏற்றியாச்சு என்று வள்ளக்கார அண்ணை சொன்னார். புறப்பட்டோம்.

நெடுந்தீவின் மறைவை விட்டு வெளியே வந்ததும் கடல் தன் குணத்தைக் காட்டியது. அலை பக்கவாட்டில் வந்து அடித்து, வள்ளத்துக்கு மேலால் அள்ளி ஊற்றியது. ஆட்கள் குனிந்து கொண்டார்கள். ஒருவர் வாளியால் இறைக்கத் தொடங்கினார். காலடிப் பலகைகளுக்குக் கீழே தண்ணீர் அங்குமிங்கும் ஓடுகிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் அதிகாரி கேட்டார்: "சிலைப் பெட்டியள் ரெண்டும் தார்ப்பாய்க்கு உள்ளதானே அண்ணை?"

"சீச்சீ, அதுகளை ஆரும் மேல வைப்பினமோ? பலகைக்குக் கீழ, அடியில கிடக்கு. பயப்பிடாதேங்கோ. கல்லுக்கு என்ன வரப்போகுது?"

அதிகாரி குனிந்து காலடிப் பலகையைப் பிடித்துக்கொண்டார்.

தீவில் எல்லாருக்கும் தெரிந்த காரியம் இது. சோளகத்தில் வள்ளம் ஓடவேண்டுமென்றால் அடியில் பாரம் வேண்டும். பவளப்பாறைத் துண்டான முருகைக்கல்லை அடுக்குவார்கள். அன்றைக்குக் கல்லே பெட்டியில் வந்திருந்தது. இரண்டு நாளாக ஊரே பார்த்த கல்லு, அதிகாரியே கல்லென்று சொன்ன கல்லு. ஒருவரும் தொட்டுப் பார்க்காத கல்லு. பெட்டியைத் தூக்கியவர்கள் பக்குவமாக, மரியாதையாக, கல்லு இருக்கவேண்டிய இடத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். பிரதிகள் எதனால் செய்தவை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஊருக்குச் சொல்லவேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

"கல்லில்லை!" என்று அதிகாரி கத்தினார். "பிளாஸ்டர்! கை முறிஞ்சால் ஆஸ்பத்திரியில கட்டுறது!"

அந்தச் சொல் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. முதலில் விளங்கியது ஒரு பெண்ணுக்கு. "ஐயோ, அது ஊறிப் போமே! எங்கட மனுசன் கட்டோட கடலுக்குப் போய், கஞ்சியாயெல்லோ கொண்டு வந்தவர்!"

"அப்ப கல்லெண்டு எங்களைப் பேய்க்காட்டினனீங்களோ?" என்று இன்னொருவர் கேட்டார்.

நான் பலகையைத் தூக்கப் பாய்ந்தேன். வள்ளக்கார அண்ணை சுக்கானை விடாமலே என்னை அதட்டினார். "ரீச்சர், தொடாதேங்கோ! அந்த ரெண்டு பெட்டியையும் நம்பித்தான் நான் கல்லுப் போடேல்லை. அதை மேல எடுத்தியளெண்டால் வள்ளத்துக்குத் தலை கனத்துப் பிரண்டு போம். பொம்மைக்காக ஆக்களைக் கடலில சாகவிடேலாது."

அவர் சொன்னது சரி. அதிகாரிக்கும் தெரியும். அவர் பலகை இடுக்கால் தண்ணீர் எட்டிப் பார்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ரை பொறுப்பு" என்று நான் சொன்ன வசனம் எனக்கு நெஞ்சுக்குள் கல்லாகக் கிடந்தது. அந்த வள்ளத்தில் இருந்த ஒரே கல் அதுதான்.

வீட்டு அக்கா எழும்பினார். வள்ளம் ஆடியது.

"அண்ணை, உமக்குக் கனம்தானே அடியில வேணும்? அது கல்லாய்த்தான் இருக்கவேணும் எண்டு கட்டாயமோ?"

"கனமெண்டால் சரி."

"அப்ப நான் இருக்கிறன். நான் ஒண்டரை அந்தர் கனம்." சொல்லிக்கொண்டே சீலையைத் தூக்கிச் செருகினார். பலகையைக் கழற்றச் சொல்லி, அந்தக் கலங்கல் தண்ணீருக்குள் இறங்கி, வள்ளத்தின் அடியில் கால் நீட்டி உட்கார்ந்தார். தண்ணீர் தொடையைத் தொட்டது. "ஐயோ, குளிருது. என்ன பாக்கிறியள்? என்னை மாதிரி இன்னும் நாலைஞ்சு பேர் இறங்குங்கோ. பெட்டி மேல வரட்டும்."

மீன் வியாபாரி இறங்கினார். கஞ்சிக் கதை சொன்ன பெண் இறங்கினாள். ஏமாற்றினீர்களா என்று கேட்டவரும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். நான் இறங்கினேன். வள்ளக்கார அண்ணை ஒவ்வொருவருக்கும் இடம் சொன்னார்: நீ முன்னுக்கு, நீ அந்தப் பக்கம், ரீச்சர் கனம் காணாது, நடுவில இருங்கோ. மனிதரைக் கல்லாக அடுக்கினார்.

ஆனால் பெட்டியை முழுதாக மேலே வைக்க அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. அதிகாரி வேறு வழி கண்டார். பெட்டியை உடைத்தார். ஊறிப் பருத்த மரத்தூளுக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து, கீழே இருந்த ஒவ்வொருவர் மடியிலும் வைத்தார். கனம் கீழேயே நின்றது. கடவுள்கள் தண்ணீருக்கு மேலே வந்தார்கள்.

"எனக்கு முயல்காரியைத் தாங்கோ" என்று அக்கா கையை நீட்டினார். சீலைத் தலைப்பால் சுற்றி, குழந்தையைப் போலத் தோளோடு அணைத்துக்கொண்டார். சூரியன் யாருக்கென்று கேட்கவே தேவையில்லை. "வாரும் மச்சான்" என்று மீன் வியாபாரி வாங்கிக்கொண்டார். சங்குக் கிழவர் என் மடிக்கு வந்தார். எத்தனை மணித்தியாலம் நான் தள்ளி நின்று பார்த்தவர்! இப்போது அவருடைய ஒட்டிய கன்னம் என் உள்ளங்கையில் இருந்தது. அந்தச் சின்ன உதட்டில் ஒரு குறும்புச் சிரிப்பு இருந்ததை நான் அதுவரை கண்டிருக்கவில்லை. விரல்தான் கண்டது.

மழைக் கடவுள் இரண்டாவது பெட்டியின் அடியில் கிடந்தார். அதிகாரி தூக்கும்போதே அந்த நீண்ட மூக்கின் நுனி, தேத்தண்ணீரில் தோய்த்த பாண் மாதிரி அவர் கையோடு வந்துவிட்டது. அவர் அதைப் பார்த்தார். பிறகு சட்டைப் பைக்குள் வைத்தார். சிலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் உட்கார்ந்தார்.

"மழைக்காரனே நனைஞ்சு போனான்" என்றார் மீன் வியாபாரி. அந்த நிலையிலும் எல்லாரும் சிரித்தோம். அதிகாரியும் சிரித்தார். சிரித்ததில் அவருடைய கண் கலங்கியதா, உப்புத் தண்ணீர் பட்டதா என்று நான் பார்க்கவில்லை.

இன்னும் ஒன்று பெட்டிக்குள் இருந்தது. ஆமை ஓட்டிலிருந்து எழும்பும் வாலிபன். கீழே இருந்த மற்ற இருவரும் இறைப்பதற்கு வாளி பிடித்திருந்தார்கள். மடி மிச்சமில்லை. மேலே ஆசனத்தில் கஞ்சி போட்ட வேட்டியோடு விதானையார் இருந்தார். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய ஆள் இல்லை அவர். ஆனால் எல்லாரும் அவரைத்தான் பார்த்தோம்.

அவர் குடையை மடித்துப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக்கூடக் கட்டவில்லை. அப்படியே இறங்கி, எனக்கு எதிரே தண்ணீருக்குள் சம்மாணம் கொட்டி இருந்தார்.

"கொண்டாரும் அவனை" என்றார்.

அப்புறம் வந்த அலைகளை நான் எண்ணவில்லை. பலமானவை வந்தன. "அந்தோனியாரே" என்று வள்ளக்கார அண்ணை ஒரு பக்கம், நயினாதீவு அம்மன் கோயிலின் கோபுரம் தெரிந்ததும் "அம்மாளாச்சி" என்று மற்றவர்கள் மறுபக்கம், இரண்டு பேரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று நான். அலை அடிக்கும்போதெல்லாம் வள்ளத்தின் அடியில் கடவுளை மடியில் வைத்திருந்த ஐந்து பேரும் ஒரே மாதிரிக் குனிந்து மடியை மூடினோம். முதுகு நனைந்தது. விதானையார் தன் சால்வையை எடுத்து அந்த வாலிபனின் தலையில் சுற்றிவிட்டிருந்தார். அவருடைய மொட்டைத் தலையால் கடல் வழிந்தது. ஒரு தரமாவது அவர் துடைக்கவில்லை. துடைக்கக் கை வேண்டுமே.

குறிகட்டுவானில் இறங்கியதும் சால்வையைப் பிரித்து, சிலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு அதிகாரியிடம் கொடுத்தார். "பாத்துக்கொள்ளும். ஒரு துளி படேல்லை." ஏதோ அரசாங்கச் சொத்தைக் கையளிக்கிற குரல். பிறகு நனைந்த வேட்டியோடு பஸ் ஏறப் போனார். அதற்கு மேல் அந்தக் கடவுளைப் பற்றி அவர் என்னோடு ஒன்றும் கதைத்ததில்லை.

அக்கா நிலாப் பெண்ணைத் திருப்பிக் கொடுக்கும்போது முயலின் முதுகை ஒரு தரம் தடவிவிட்டுக் கொடுத்தார். மீன் வியாபாரி சூரியனோடு கண்ணுக்குக் கண் வைத்து விடைபெற்றார். தெரிந்தவர் வீட்டுச் சேலைகள், சாரங்கள், ஒரு பழைய கம்பளி எல்லாம் சேர்த்துச் சுற்றி அன்றிரவு மெயிலில் ஏற்றினோம். ரயில் வாசலில் நின்று கை காட்டிய அதிகாரியின் சட்டைப் பை, அந்த மூக்கு நுனியால் புடைத்துக்கொண்டிருந்தது.

பிறகு என்ன நடந்தது என்று தெரியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மூன்று பிள்ளைகள் என்று அவர் சொன்னது படுக்கும்போதெல்லாம் காதில் கேட்டது. ஆவணியில் அவர் விடுமுறையில் ஊருக்கு வந்தபோதுதான் சந்தித்தேன். நல்ல முகத்தோடு வந்தார். கொழும்பில் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டாராம். மேலதிகாரி முழுவதையும் கேட்டாராம். பிறகு, "எல்லாரும் தண்ணீருக்குள்ளேயா இருந்தார்கள்?" என்று மட்டும் கேட்டாராம். மூக்கை ஒட்டிவிட்டார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியுமாம். வேலை இருக்கிறது. ஆனால் ஒரு புதிய கட்டளை: படங்கள் எங்கேயும் போகலாம், சிலைகள் இனிமேல் கடல் கடக்கக் கூடாது.

"அப்ப படங்களைத் தாங்கோ. சிலையை நாங்கள் பாத்துக்கொள்ளுறம்" என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். ஓம் என்றும் சொன்னார்.

இந்த வருடம் சோளகத்துக்கு முன்னர் எழுவைதீவுக்குப் போவதாக முடிவு செய்திருக்கிறோம். அங்கே பெரிய மண்டபம் இல்லை. கடற்கரையில் வலைகள் வைக்கும் ஓலைக் கொட்டிலான ஒரு வாடியைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சிலைகளை என் வகுப்புப் பிள்ளைகள் முருகைக்கல்லில் செதுக்குகிறார்கள். கல்லுத் தேர்ந்து கொடுப்பது மீன் வியாபாரி. சூரியனின் கண் சரியான அளவுக்குக் கோணவில்லை என்று இரண்டு தரம் திருப்பிச் செதுக்க வைத்துவிட்டார். நிலாப் பெண்ணின் முயல் இப்போதைக்கு ஆட்டுக்குட்டி மாதிரித்தான் இருக்கிறது. அக்காவுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. சோளக் கடவுளின் தலை இரண்டு முறை உடைந்தது. மூன்றாவது கல்லைக் கிழமை முழுக்கத் தேடினோம். ஒரு நாள் காலமை பாடசாலை வாசலில் நல்ல வெள்ளைக் கல் ஒன்று கிடந்தது. கொண்டுவந்து வைத்தவர் யாரென்று ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிள்ளைகளின் கை இன்னும் பழகவில்லை. மாயாக் கலைஞனின் ஒரு கோட்டுக்குக் கிட்டவும் நாங்கள் போகமாட்டோம். எழுவைதீவில் எத்தனை பேர் வருவார்கள், காற்று விடுமா என்பதும் தெரியாது. ஆனாலும் தங்களுக்குப் பேர்கூடத் தெரியாத கடவுள்களைக் காப்பாற்ற நனைந்துகொண்டு குனிந்திருந்த அந்த முதுகுகளை நினைக்கும்போது, இந்தக் கடலில் எதையும் கொண்டு கடக்கலாம் என்று எனக்கு ஒரு துணிவு வருகிறது.